போகியில் எரித்த ரிப்போர்ட்டுகள்

ஜூன் 10, திங்கள்
மாற்றுச் சிறுநீரகம் வைத்து ஏழு மாதம். பெங்களூருவில் சோதனை. சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் சரி. ட்ரோபோனின் மட்டும் 58, தடித்த எழுத்தில். இதயத் தசை நைந்தால் இரத்தத்தில் ஏறுவது அது.

"டயாலிசிஸ் சமயத்துல எவ்வளவு இருந்துச்சு?" என்றார் டாக்டர். "கிட்னி போனவங்களுக்கு இது அதிகமாத்தான் இருக்கும். மாத்தினப்புறம் இறங்கணும். அப்போதையவிட ஏறியிருந்தா ஆஞ்சியோ பாக்கணும்."

ஆஞ்சியோவுக்குச் செலுத்தும் மருந்து புதுச் சிறுநீரகத்தைக் கெடுக்கலாமாம். என் மனைவி மணிமேகலை கொடுத்த சிறுநீரகம்.

பழைய ரிப்போர்ட்டுகளா? போகியன்று வாசலில் போட்டு எரித்துவிட்டேனே.

ஜூன் 11
"பழைய பாய எரிச்சா போதாதா, ஃபைல எதுக்குன்னு அன்னிக்கே கேட்டேன்" என்றாள் மணிமேகலை. கேட்டாள்தான். பீடை ஒழியட்டும் என்று எரித்தேன். தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருடம் தரக் கட்டுப்பாடு; ஒரு போல்ட்டின் அளவைக்கூட ஏழு வருடம் பாதுகாத்தவன். டயாலிசிஸ் என்றதும் என்னைக் கழற்றிவிட்டார்கள். அதை மறக்க மாட்டேன்.

ஓசூரில் டயாலிசிஸ் செய்த இடத்தில் இப்போது டயர் கடை.

ஜூன் 12
"தம்பிகிட்ட கேளுங்களேன். ரிப்போர்ட் வாங்கப் போனதெல்லாம் அவர்தான?"

திம்மராயன். என் கூடப் பிறந்தவன், அதே இரத்த வகை. சிறுநீரகம் கேட்டபோது "பயமா இருக்குதுண்ணா" என்று சூளகிரிக்கு பஸ் ஏறியவன். அவனிடமா?

ஜூன் 13
கேட்கவில்லை.

ஜூன் 14
குனிந்து பெருக்கும்போது மணிமேகலை விலாவில் கை வைத்துக்கொள்கிறாள். தழும்பு இன்னும் இழுக்கிறதாம். அவள் கொடுத்ததைக் கெடுத்துக்கொள்வேன், ஒரு ஃபோன் பண்ண மாட்டேன் — ச்சே, என்னா மனுசன் நானு?

பண்ணினேன். பத்து மாதத்துக்குப் பிறகு.

"சொல்லுண்ணா" என்றான், நேற்றுப் பேசியவன் போல. "எல்லாம் ஃபோன்ல இருக்குது. வாங்கின அன்னிக்கே படம் புடிச்சு வெச்சேன். உன் கோவம் தெரியாதா? என்னிக்காச்சும் நீ கிழிச்சுப் போடுவேன்னு நெனச்சேன்."

"கிழிக்கல. எரிச்சேன்."

சிரித்தான். நாற்பத்தொரு படங்கள் வந்தன. டயாலிசிஸ் சமயத்தில் ட்ரோபோனின் 112.

ஜூன் 17, திங்கள்
"இறங்கியிருக்குது. ஆஞ்சியோ இப்ப வேணாம். மூணு மாசம் கழிச்சுப் பாக்கலாம்" என்றார் டாக்டர்.

பஸ் அத்திப்பள்ளி தாண்டியதும் மணிமேகலை கேட்டாள்: "தம்பிக்குச் சொன்னீங்களா?" தூங்குவதுபோல் கண்ணை மூடிக்கொண்டேன்.

செப்டம்பர் 16, திங்கள்
ட்ரோபோனின் 41. ரிப்போர்ட்டைப் பஸ்ஸிலேயே படம் பிடித்து திம்மராயனுக்கு அனுப்பினேன். வேறெதுவும் எழுதவில்லை.

ஓசூர் வருவதற்குள் பதில் வந்தது: "வெச்சிக்கிறேண்ணா."