தீரவே தீராது என்று சொன்னேன்

செவ்வாய், இரவு.

இன்று பிளஸ் டூ வகுப்பில் கதிரியக்கச் சிதைவு நடத்தினேன். கதிரியக்க அயோடின் எட்டு நாளில் பாதியாகும், அடுத்த எட்டு நாளில் அதிலும் பாதி என்றேன்.

"முழுசா எப்ப சார் தீரும்?" என்று மெர்சி கேட்டாள்.

"கணக்குப்படி தீரவே தீராது," என்றேன், கொஞ்சம் மிடுக்காக.

சாயங்காலம் அழுதபடி வந்து நின்றாள். தைராய்டு புற்றுநோய்க்கு அதே அயோடினைக் கொடுத்து, அவள் அம்மாவை வீட்டிலேயே தனி அறையில் வைத்திருக்கிறார்களாம். மூன்று வயதுத் தம்பி அருகில் போகக்கூடாதாம். மதியம் மாப்பிள்ளையூரணியில் இருக்கும் வீட்டுக்குச் சாப்பிடப் போனவள், நான் சொன்னதை அம்மாவிடம் சொல்லிவிட்டாள்.

அவள் அம்மாவுக்கு நானே போன் செய்தேன். பெரும்பகுதி சிறுநீரிலேயே வெளியேறிவிடுவதால் ஆபத்து வெகு சீக்கிரம் நீங்கிவிடும், டாக்டர் குறித்த நாள் வரை பொறுத்தால் போதும் என்றேன்.

"அப்ப அன்னைக்குப் பிள்ளையத் தூக்கலாம்லா சார்?"

"தாராளமாத் தூக்குங்கம்மா."

அழுதுகொண்டே எனக்கு நன்றி சொன்னார். அதைத்தான் தாங்க முடியவில்லை.