மெஷின் தாங்கலக்கா

என் பத்மா அக்காவுக்கு,

நீ எங்கே இருந்தாலும் நல்லபடி இருப்பாய் என்ற நம்பிக்கையில் உன் தம்பி தயாளன் எழுதுகிறேன். நீ போய் எட்டு வருஷம் ஆகிறது. இத்தனை நாளில் உனக்கு ஒரு வரி எழுதியதில்லை. எழுத உட்கார்ந்தால் ஒரு பொய்யைப் பற்றித்தான் எழுத வேண்டியிருக்கும் என்று எனக்குத் தெரியும். அதனால் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தேன்.

முதலில் வீட்டுச் செய்தி. உன் மகள் காயத்ரிக்குப் பன்னிரண்டு வயது ஆகிவிட்டது. களம்பூரில் உன் மாமியார் வீட்டில்தான் வளர்கிறாள். முடி உன்னை மாதிரியே, எவ்வளவு எண்ணெய் வைத்தாலும் அடங்குவதில்லை. வாயும் அப்படித்தான். அம்மாவுக்கு முட்டிவலி, ஆனாலும் மாசம் ஒரு தடவை பஸ் ஏறிப் போய்ப் பேத்தியைப் பார்த்துவிட்டு வருகிறாள். என்னிடம் இப்போது இரண்டு கோர் உள்ள புது பிராசசர் இருக்கிறது. நாற்பது டிராக் போட்டாலும் முனகுவதில்லை. நீ பார்த்திருந்தால், "இன்னாடா இது, சத்தமே காணோம், ஆன் பண்ணியா இல்லியா?" என்று கேட்டிருப்பாய்.

அந்தப் பழைய கம்ப்யூட்டர் ஞாபகம் இருக்கிறதா? சென்னையில் ஏதோ ஆபீசில் கழித்துக் கட்டியதை நான் லாரியில் போட்டு ஆரணிக்குக் கொண்டுவந்தேன். அறுபத்து நாலு எம்பி ரேம். அதில் பாட்டு ரெக்கார்டிங் சாஃப்ட்வேர் ஓட்டுவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். திரையில் ஒரு படம்கூட வைக்க மாட்டேன். கலரைக் குறைத்து, ஓடுகிற மற்ற புரோகிராம்களையெல்லாம் நிறுத்தி வைப்பேன். அப்படியும் ஆறு டிராக்கைத் தாண்டினால் பாட்டு விக்கி விக்கி வர ஆரம்பித்துவிடும். அதனால் கீபோர்டு, தபேலா, மணி என்று நாலைந்தைக் கலந்து ஒரே டிராக்காக எழுதிவிட்டு, தனித்தனியாக இருந்ததை அழித்து, அடுத்ததற்கு இடம் பண்ணுவேன். கலந்தது கலந்ததுதான், திரும்பப் பிரிக்க முடியாது.

பக்கத்துச் சந்தில் விசைத்தறி ஓடும். மதியம் ஒரு மணிக்குத் தறிக்காரர்கள் சாப்பிடப் போனால் ரெண்டு மணி வரைக்கும் அமைதி. அந்த ஒரு மணி நேரம்தான் நம் வீட்டு முன்னறை ஸ்டூடியோ ஆகும். நீ பன்னிரண்டு மணி பஸ்ஸில் வந்து இறங்கி, காயத்ரியை அம்மாவிடம் விட்டுவிட்டு ஹெட்போனை மாட்டிக்கொள்வாய். நீ பாடியது உன் காதுக்குக் கொஞ்சம் பிந்தித்தான் வந்து சேரும். அவ்வளவுதான் அந்த மெஷினுக்கு முடிந்தது. "என் குரலே என் பின்னாடி ஓடியாந்துகினு இருக்குதுடா, பேஜாரா கீது" என்று சொல்லி ஒரு காதைக் கழற்றிவிட்டுப் பாடுவாய்.

கம்ப்யூட்டருக்குள் ஓடுகிற ஃபேன் சத்தம் மைக்கில் விழுகிறது என்று ஒரு நாள் நான் திட்டிக்கொண்டிருந்தபோது, நீ அப்பாவின் கம்பளியை எடுத்துவந்து கேபினட்டை இழுத்து மூடினாய். பத்தாவது நிமிஷம் சூடேறி எல்லாம் அணைந்துவிட்டது. நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். நீ கம்பளியை எடுத்துவிட்டு, "மூச்சு முட்டிப் போச்சுடா அதுக்கு, பாவம்" என்று முந்தானையால் விசிறினாய்.

அந்த வருஷத்து ஆடி மாசத்துக்காக ஐந்து அம்மன் பாட்டு. செலவு பட்டுக்கடை முதலாளியுடையது, மெட்டும் இசையும் நான், குரல் நீ. கேசட் மேல் உன் பேர் வரும் என்று நான்தான் சொன்னேன். நீ அதைக் களம்பூரில் தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தாய்.

முதலாளி வந்து ஐந்து பாட்டையும் கேட்டார். "நல்லாத்தான் பாடுது. ஆனா மேல போட ஒரு பேரு வேணாமாப்பா? உங்க அக்காவ யாருக்குத் தெரியும்? மெட்ராஸ்ல இருந்து ஒரு ஆளக் கூப்புடு" என்றார். ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசியிருக்கலாம். பேசவில்லை அக்கா. அந்தக் கேசட் வெளியே போனால் அடுத்த வேலை வரும், அதற்கடுத்த வேலை வரும் என்று என் மனசு அப்போதே கணக்குப் போட ஆரம்பித்துவிட்டது. "சரிங்க" என்றேன்.

சென்னையிலிருந்து வந்த பாடகி இதே மெஷினில் ரெண்டே நாளில் ஐந்தையும் பாடிக் கொடுத்துவிட்டுப் போனார். நீ பாடியது டிஸ்கில் அப்படியே இருந்தது. அதை வைத்திருக்க இடமும் இருந்தது. நீ வந்தால் கேட்பாய், கேட்டால் என் முகத்தைப் பார்ப்பாய், அதுதான் பயம். ஐந்து ஃபைலையும் தேர்ந்தெடுத்து அழிக்கச் சொன்னேன். நிச்சயமாகவா என்று மெஷின் என்னைக் கேட்டது. ஆமாம் என்று அழுத்தினேன்.

நீ வந்து, "என் பாட்ட போடுடா தயா" என்றாய்.

"மெஷின் தாங்கலக்கா. உன் குரல ஏத்தினா நின்னு நின்னு போச்சு. ரேம் பத்தல. அதான் முதலாளி வேற வழியில்லாம அங்க இங்க அலைஞ்சு, கடைசில வேற ஆள வெச்சு வேற எடத்துல பாட வெச்சிட்டாங்க."

எவ்வளவு சரளமாக வந்தது பார். நீ கேபினட்டின் தலையில் தட்டி, "அதுவும் இன்னாதான் பண்ணும், வயசான மெஷினு" என்றாய். நீ என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பத்து நாள் கழித்து ஒரு காகிதப் பொட்டலத்தோடு வந்தாய். உள்ளே ஒரு ரேம். "பஸ் ஸ்டாண்டாண்ட கம்ப்யூட்டர் சென்டர்ல கேட்டு வாங்கினேன். அறுவத்தி நாலு எம்பியாம். இப்போ தாங்குமாடா?"

எப்படி வாங்கினாய் என்று நான் கேட்கவில்லை. பிறகு அம்மாதான் சொன்னாள். உன் கூறைப்புடவையைப் பழைய ஜரிகை வாங்குகிறவரிடம் போட்டுவிட்டாய். அப்பா தன் கையால் உனக்கென்று நெய்த புடவை. ஜரிகைக்காரர் அதை என்ன செய்வார் என்று பட்டு நெய்கிற வீட்டில் பிறந்த நமக்குத் தெரியாதா? வெள்ளிக்காகக் கொளுத்திவிடுவார். அது தெரிந்தேதான் கொடுத்தாய்.

உன் முன்னாலேயே கேபினட்டைத் திறந்து ரேமைப் பொருத்தினேன். ஆன் செய்ததும் கறுப்புத் திரையில் எண் ஓடி, வழக்கமாக நிற்கிற இடத்தைத் தாண்டிப் போனது. நீ கை தட்டினாய். "இப்போ பாடட்டா?" என்று ஹெட்போனை எடுத்தாய். என்னால் உன்னைப் பார்க்க முடியவில்லை. "ரெண்டு மணி ஆயிடுச்சுக்கா, தறி ஓட ஆரம்பிச்சிடும். அடுத்த வாரம் வா" என்றேன். ரெண்டு மணி ஆக இன்னும் இருபது நிமிஷம் இருந்தது.

அந்த அடுத்த வாரத்தை நான் வரவே விடவில்லை. ஒரு தடவை கரண்ட் இல்லை என்றேன், ஒரு தடவை வேலை இருக்கிறது என்றேன். கார்த்திகையில் உனக்கு மஞ்சள் காமாலை வந்தது. பொங்கலுக்கு நீ இல்லை.

போன மாசம் காயத்ரி வந்தாள். அவளுக்கு உன் முகம் போட்டோவில் இருக்கிறது, குரல் ஞாபகம் இல்லையாம். "அம்மா உங்க கம்ப்யூட்டர்ல பாடுச்சாமே மாமா, ஆயா சொன்னாங்க. அதப் போடுங்க" என்றாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அப்போ மெஷின் தாங்கலம்மா, அழிஞ்சி போச்சு." அதே பொய்யை உன் மகளிடமும் சொன்னேன். அவள் நீ செய்த மாதிரியே புது கேபினட்டின் தலையில் தட்டி, "இது அப்பவே இருந்திருக்கணும்" என்றாள்.

மறுநாள் பரணிலிருந்து பழைய டிஸ்க்கை இறக்கிப் புது மெஷினில் மாட்டினேன். நீ பாடிய ஃபைல்கள் இல்லை. எப்படி இருக்கும்? ஆனால் மூன்றாவது பாட்டின் இசையை மட்டும் தனியாகப் போட்டுக் கேட்டபோது, தபேலாவுக்கு அடியில் ஒரு ஹம்மிங் வந்தது. நீதான் அக்கா. பல்லவி தொடங்குவதற்கு முன்னால் வெறும் ஹம்மிங், ரெண்டு வரி நீளம். மெஷினால் ஏழாவது டிராக்கைத் தூக்க முடியாமல் அதைத் தபேலாவோடு கலந்திருந்தேன். அதை மட்டும் அழிக்க வழியில்லை, அழித்தால் பாட்டே போய்விடும். அப்படி ஒன்று இருந்ததையே மறந்துவிட்டேன்.

அந்தக் கேசட்டில் இது இருக்கிறது. கூழ் வார்க்கும் நாளில் வருஷா வருஷம் ஒலிபெருக்கியில் ஊரே கேட்டிருக்கிறது. நானும் கூழ்ச் சொம்போடு வரிசையில் நின்றிருக்கிறேன். ஒரு வருஷம்கூட எனக்கு ஏன் கேட்கவில்லை?

தபேலாவிலிருந்து உன்னைப் பிரிக்க எல்லா வழியும் முயன்று பார்த்தேன். தபேலாவைக் குறைத்தால் நீயும் குறைகிறாய். புது பிராசசராலும் முடியவில்லை. வார்த்தை ஒன்றுகூட இல்லாத ரெண்டு வரிதான் உன் மகளுக்கு மிச்சம். மற்றதெல்லாம் என் விரலால் போனது.

வருகிற ஞாயிற்றுக்கிழமை காயத்ரியை வரச் சொல்லியிருக்கிறேன். மதியம் ஒரு மணிக்கு, தறி நின்ற பிறகு. பாட்டைப் போடுவதற்கு முன்னால் அவளை உட்காரவைத்து, "மெஷின் நல்லாத்தாம்மா இருந்துச்சு. மாமாதான் உங்கம்மா பாட்ட அழிச்சேன்" என்று சொல்வேன். கூறைப்புடவையைப் பற்றியும் சொல்வேன். அதற்குப் பிறகு அவள் என்னோடு பேசாமல் போனாலும் போகட்டும். இந்தத் தடவை அடுத்த வாரம் என்று சொல்ல மாட்டேன் அக்கா. இது சத்தியம்.

ஹெட்போன் ஒன்றுதான் இருக்கிறது. அதை அவளிடம் கொடுத்துவிட்டு நான் வெளியே வந்து நிற்பேன்.

நீ நம்பிய உன் கூடப்பிறந்த தம்பி,
தயாளன்