தெரெரேயும் தண்ணீர்தான்

காஸபா ஆஸ்பத்திரி, நான்காம் கட்டில்
வியாழக்கிழமை

மகள் சுனில்தாவுக்கு அப்பா சத்துர்னினோ சொல்லி எழுதுவது. உயிரோடு இருக்கிறேன், கால் வீக்கம் வடிந்துவிட்டது, படுத்தால் மூச்சு முட்டவில்லை. நீ சுகமாகத்தான் இருப்பாய், புவெனஸ் ஐரெஸிலிருந்து ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு அரை மணி நேரம் என்னைப் பற்றிப் பேச உனக்கு மூச்சு இருக்கிறதே. எழுதுகிறவள் உன் அண்ணி போர்ஃபிரியா. அவளுக்கும் இதில் திட்டு உண்டு, ஒரு சொல்லையும் விடாமல் எழுதுவதாக மாதா மேல் சத்தியம் வாங்கியிருக்கிறேன்.

இதயம் பலவீனம் என்று போன மாதம் முதல் தடவை படுத்தேனே, வீட்டுக்கு அனுப்புகிற அன்று நர்ஸ் லிதுவினா பாடம் சொல்ல வந்தாள். வந்தவள் என் கட்டிலைத் தாண்டிப் போய்ப் போர்ஃபிரியா முன்னால் நாற்காலியைப் போட்டாள். ஏன் என்று கேட்டேன். உங்க மகதான் போன்ல சொன்னாங்க பெரியவரே, அப்பாவுக்கு எழுத்து தெரியாது, அவர்கிட்ட சொல்லிப் பிரயோஜனமில்ல, அண்ணிகிட்ட சொல்லுங்கன்னு, என்றாள். என் நெஞ்சு, என் கால், என் மூத்திரம், பாடம் மட்டும் மருமகளுக்கு. அவள் காகிதத்தைப் பார்த்து வாசித்தாள், இவள் பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடியே சரிங்க சரிங்க என்று தலையாட்டினாள். நாளைக்கு ஒன்றரை லிட்டருக்கு மேல தண்ணி கூடாது என்று சொல்லி முடித்த லிதுவினா, கையோடு தன் தெரெரே கொம்புக் குவளையை நிரப்பி என்னிடம் நீட்டினாள். நான் உறிஞ்சிவிட்டுக் கொடுத்தேன், போர்ஃபிரியாவுக்கும் ஒரு சுற்று போனது. மூன்று பேருக்கும் ஒன்றும் தோன்றவில்லை. அங்கே சுடச்சுடக் குடித்துப் பழகி நீ மறந்திருப்பாய், இங்கே யெர்பா இலை மேல் மூலிகை இடித்த ஐஸ் தண்ணீரை ஊற்றி ஊற்றி நாள் முழுக்கக் கொம்பு கை மாறும், அதைத் தண்ணீர் என்று இந்த ஊரில் எவன் சொல்லியிருக்கிறான்.

வீட்டில் சொன்னபடி நடந்தேன். பன்னிரண்டு நாள் ஒரு டம்ளர் தண்ணீர் தொடவில்லை. காலையில் ஒரு ஜாடி தெரெரே, மத்தியானம் ஒரு ஜாடி, ஒவ்வொன்றும் இரண்டு லிட்டர். காகிதம் பிரிட்ஜ் கதவில் காந்தத்தைப் பிடித்துத் தொங்கியது. பதின்மூன்றாம் நாள் செருப்பு காலில் ஏறவில்லை, நாற்காலியில் உட்கார்ந்தபடியே மூச்சுக்குத் தவித்தேன், உன் அண்ணன் லாரியில் போட்டுக்கொண்டு வந்தான். உடனே உன் போன். கிழவர் யார் சொல்லும் கேட்கமாட்டார், வில்லாரிக்காவில் கன்னியாஸ்திரிகளின் முதியோர் இல்லத்தில் விட்டுவிடுங்கள் என்று டாக்டரிடம் சொல்லியிருக்கிறாய். வியாழக்கிழமை முடிவு செய்கிறேன் என்று அவர் வந்து என்னிடமே சொன்னார். நீயாவது என்னிடம் ஒரு வார்த்தை கேட்டாயா? பெற்றவனை மூட்டை மாதிரி விலாசம் எழுதி அனுப்பப் பார்த்தாய்.

செவ்வாய்க்கிழமை லிதுவினா வந்ததும், அம்மா, நாற்காலிய இந்தப் பக்கம் போடு, நீ சொல்லு, நான் திருப்பிச் சொல்றேன், ஒண்ணு தப்பினாலும் வில்லாரிக்காவுக்கே போறேன் என்றேன். சொன்னாள். தண்ணீர் விஷயம் வந்ததும் வீட்டில் எவ்வளவு குடித்தீர்கள் என்று கேட்டாள். சொட்டுகூட இல்ல, தெரெரே மட்டும்தான் என்றேன். அவள் கையிலிருந்த கொம்பு அப்படியே நின்றுவிட்டது. தன் ஜாடியைத் திறந்து அளவுக் குவளையில் ஊற்றிப் பார்த்தாள். ஐயோ பெரியவரே, நானே ஊத்திக் குடுத்தேனே என்று தலையில் கை வைத்துக்கொண்டாள். அடுத்த கட்டில்காரன், இந்தக் கணக்குப்படி பார்த்தா நாடே முழுகியிருக்கணுமே என்று சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இன்று காலை டாக்டர் முன்னால் ஒப்பித்தேன். எழுந்ததும் மூத்திரம் போய்விட்டு, சாப்பிடும் முன், தினமும் அதே உடுப்போடு தராசில் ஏறணும். இரண்டு நாளில் இரண்டு கிலோ கூடினால் ஓடி வரணும். கணுக்காலை அழுத்தினால் குழி விழுகிறதா பார்க்கணும். மூச்சு முட்டித் தலைக்கு மூன்றாம் தலையணை தேடினால் ஆபத்து. உப்புப் பாலாடைக்கட்டி போட்ட சிப்பா ரொட்டி வேண்டாம். மூத்திர மாத்திரை காலையில். கஞ்சி, பால், தெரெரே எல்லாம் சேர்த்துத்தான் ஒன்றரை லிட்டர். தராசு பார்க்கத் தெரியாது என்று சொன்னாயாமே. எழுத்துதான் தெரியாது சுனில்தா, எண் தெரியும். இருபத்திரண்டு வருஷம் பருத்திக் கிடங்கில் தராசு பிடித்தவன் நான். நீ பிறந்த அன்று அதில்தான் உன்னைப் போட்டேன், மூன்று கிலோ நூறு, மஞ்சள் துணியைக் கழித்து. இன்று என் எடை எழுபத்தொரு கிலோ இருநூறு, நேற்றும் அதேதான். டாக்டர், வீட்டுக்குப் போங்க, ஆனா உங்க மகளுக்கு யார் சொல்றது என்றார். நான் சொல்லிக்கொள்கிறேன் என்றேன்.

போனில் கூட நீ ஆசீர்வாதம் கேட்டு மூன்று வருஷமாகிறது. கேட்காமலே தருகிறேன், உனக்கும் பிள்ளைகளுக்கும் ஆண்டவர் துணை இருக்கட்டும். கோபம் அப்படியே இருக்கிறது, அது வேறு. போர்ஃபிரியாவை இரண்டு தடவை வாசிக்கச் சொன்னேன், தன்னைப் பற்றிய ஓரிடத்தை மழுப்பியிருந்தாள், திருத்தச் சொல்லிவிட்டேன். கடிதம் கிடைத்ததும் போன் செய், என்னைக் கூப்பிடு, அவளை அல்ல. நான் சொன்னதையெல்லாம் உன் வாயால் திருப்பிச் சொல். உனக்குப் புரிந்ததா என்று நானும் பார்க்கிறேன்.

இப்படிக்கு,
உன் அப்பா சத்துர்னினோ பெனீத்தெஸ்
எழுபத்தொரு கிலோ இருநூறு