ரெண்டு பேருக்கும் சேர்த்துப் பத்து ரூபாய்

மார்ச் 9, திங்கள்

ஏழு மணிக்கே வெயில். ஏ.டி.எம்.மில் ஐநூறு ரூபாய்த் தாள் மட்டும். நூறு கேட்டால் அந்த இயந்திரம் ரொம்ப நேரம் உறுமிவிட்டு கார்டைத் துப்பிவிடுகிறது.

ராஜகோபுரம் ஸ்டாப். 7.25 துவாக்குடி பஸ். அரியமங்கலத்துக்கு டிக்கெட் பதினைந்து ரூபாய். கையில் வேறு எதுவும் இல்லாததால் ஐநூறை நீட்டினேன். கண்டக்டர் இந்த ரூட்டுக்குப் புதுசு. காதில் பேனா, நெற்றியில் பட்டை. தாளைத் தொடக்கூட இல்லை.

"நான் என்ன பேங்கா சார் நடத்துறேன்?"

"சில்லறை இருந்தா குடுத்திருக்க மாட்டேனாங்க?"

"ஜிபே பண்ணுங்க."

"என் போன்ல அதெல்லாம் கிடையாது."

"அப்போ அம்மா மண்டபத்துல இறங்கிக்கோங்க. பஸ்ஸுல முக்கால்வாசி லேடீஸ், ஃப்ரீ டிக்கெட்டு. சில்லறைக்கு நான் எங்க போவேன்?"

இதைச் சொல்லும்போது இடுப்பில் தொங்கிய தோல் பை கலகலவென்று சத்தம். வெட்கமே இல்லை. இறக்கிவிட்டான். எனக்கு ஐம்பத்தாறு வயது.

எழுத வேண்டாம் என்று நினைத்தேன். எழுதுகிறேன். டிரைவருக்குப் பின்னால் மூன்றாவது சீட்டில் சேகர். என் கூடப் பிறந்த தம்பி. இரண்டு வருஷமாகப் பேச்சில்லை. அரியமங்கலம் எடைமேடையில் வேலை, எங்கள் கம்பெனிக்கு நாலு கட்டிடம் தள்ளி. பைக் ரிப்பேராம், ஒரு மாதமாக அவனும் இதே பஸ். அவன் உள்ளங்கையில் ஐந்து ரூபாய் நாணயங்கள் இருந்தன. எண்ணிக்கொண்டிருந்தான். அண்ணனை நடுவழியில் இறக்கிவிடுவதைத் திரும்பிப் பார்த்தான், மறுபடி நாணயத்தைப் பார்த்தான்.

நானாக இருந்தாலும் அவனுக்குக் கொடுத்திருக்க மாட்டேன். ஆனாலும்.

ஐநூறை மாற்ற நாலு கடை ஏறி இறங்கி, கடைசியில் வேண்டாத ஒரு சீப்பு வாழைப்பழம். கம்பெனிக்கு 9.10. அரை நாள் லீவு போட்டுவிட்டார்கள். ஸ்டோரில் எல்லாருக்கும் பழம். "சாருக்கு என்ன விசேஷம்?" என்று ஒருவன். சாமான் கேட்டு ஸ்லிப் இல்லாமல் வந்து நிற்கட்டும், அவனுக்குக் காட்டுகிறேன் விசேஷம்.

மார்ச் 10, செவ்வாய்

அச்சகத்திலிருந்து மகள் வித்யாவின் கல்யாணப் பத்திரிகை புரூஃப். சாயங்காலம் வாங்கி வந்தேன். முகூர்த்தம் சித்திரைக் கடைசியில். பிழைகள்: மாப்பிள்ளையின் ஊர்ப் பெயரில் ஒரு கால் விட்டுப்போயிருக்கிறது. மண்டபத்து வழி தப்பு. மற்றது சரி.

அடியில் 'தங்கள் வரவை எதிர்நோக்கும்' பகுதி. கடைசி வரி: வி. நடராஜன், பி.காம்., ஸ்டோர் இன்சார்ஜ் – கமலா, வி. சேகர். பார்க்க லட்சணமாக இருந்தது.

கமலா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தரம் படித்தாள்.

"சேகர் பேரு மட்டும் ஒத்தையா நிக்குது?"

"அவன் பேரைப் போட்டதே பெருசு."

"அவன் பொண்டாட்டி பேரு?"

"வரி நிறைஞ்சு போச்சு. இடமில்ல."

"பெரியப்பா பேரனுக்கெல்லாம் இடம் இருக்கு. மூணு வயசுப் புள்ள அது. எதிர்நோக்குதாம்."

"இடமில்லைன்னா இடமில்ல."

கண்ணாடியைக் கழற்றினாள். "பையைக் குலுக்கிக்கிட்டே சில்லறை இல்லைங்கிறான்னு நேத்து அந்தக் கண்டக்டரை அவ்வளவு திட்டினீங்களே. நீங்களும் அப்படித்தான் பேசுறீங்க."

சாப்பிடாமல் எழுந்துவிட்டேன். பூசணிக்காய் கூட்டு. எனக்குப் பிடித்ததுதான்.

சேகருடைய முதல் மனைவி போய் ஐந்து வருஷம் ஆனபிறகு, நாற்பத்தெட்டு வயதில், யாரையும் கேட்காமல் ரிஜிஸ்தர் ஆபீசில் போய்க் கட்டிக்கொண்டு வந்தான். வேறு மதம். ஆஸ்பத்திரியில் ஆயா வேலை. கமலாவுக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன் ஆனபோது வார்டில் பழக்கமாம். கமலாவுக்குக் கஞ்சி ஊட்டியவள் என்பதற்காக நான் என்ன மாலையா போட முடியும்? அவள் பெயரை இந்த டைரியில் எழுதியதில்லை. இனியும் மாட்டேன்.

மார்ச் 11, புதன்

இருபது ரூபாய்த் தாள்கள் ஐந்து, மளிகைக் கடையில் கெஞ்சி வாங்கியது.

இந்தக் கண்டக்டர் மூன்று நாளில் சொன்னவை, மறக்காமல் இருக்க:

— இறங்கும்போது வாங்கிக்கோங்க. (இறங்கும்போது அவன் முன் படியில், நான் பின் படியில்.)
— அஞ்சு ரூபாய்க்கா சார் இவ்வளவு பேச்சு.
— காலங்காத்தால ஆரம்பிக்காதீங்க.
— டிக்கெட்டுக்குப் பின்னாடி எழுதியிருக்கேன்ல? (எழுதியிருந்தான். பேனாவில் மை இல்லை.)

இன்று காவிரிப் பாலத்தில் பஸ் நின்றுபோய், கீழே வெறும் மணல், உள்ளே புழுக்கம். எனக்கு ஐந்து பாக்கி தர வேண்டும். எனக்கு முன் சீட்டில் சேகர். வேறு சீட் காலியில்லாததால்தான் அங்கே உட்கார்ந்தேன். அவனும் இருபது கொடுத்திருக்கிறான், அவனுக்கும் ஐந்து வர வேண்டும்.

கண்டக்டர் ஒரு பத்து ரூபாய் நோட்டை எடுத்து அவன் கையில் திணித்தான்.

"உங்களுக்கும் பின்னாடி சார்க்கும். ரெண்டு பேரும் அரியமங்கலம்தானே. இறங்கி மாத்திக்கோங்க."

இந்தப் பழக்கத்தை எவன் கண்டுபிடித்தானோ. முன்பின் தெரியாத இரண்டு பேரை ஒரு நோட்டில் முடிச்சுப் போட்டுவிட்டு அவன் பாட்டுக்குப் போய்விடுவான். மற்றவர்களுக்கு ஒரு டீக்கடை, ஒரு சிரிப்பு, முடிந்தது. எங்களுக்கு?

சேகர் திரும்பினான். நோட்டை இரண்டு விரலில் பிடித்திருந்தான். நான் ஜன்னலுக்கு வெளியே மணலைப் பார்த்தேன். காந்தி மார்க்கெட் தாண்டும்வரை பார்த்துக்கொண்டே வந்தேன், மணல் எப்போதோ போய்விட்டது. அரியமங்கலத்தில் பின் படியில் குதித்து, திரும்பிப் பார்க்காமல் நடை.

பக்கத்து சீட் அம்மாள் சொன்னது காதில் விழுந்தது: "பாவம், அஞ்சு ரூபாய விட்டுட்டுப் போறாரே."

மார்ச் 12, வியாழன்

சேகர் பஸ்ஸில் இல்லை. முந்தின பஸ்ஸில் போயிருப்பான். நல்லது.

அரியமங்கலம் ஸ்டாப் டீக்கடையில் மாஸ்டர் கூப்பிட்டார். "சார், உங்க தம்பி இதைக் குடுத்துட்டுப் போனாரு." பிஸ்கட் பாட்டில் மூடி மேல் ஒரு ஐந்து ரூபாய் நாணயம்.

"அது என்னோடது இல்லைங்க."

"உங்க காசுதான்னு அடிச்சுச் சொன்னாரே. பஸ்ஸு பாக்கின்னு."

"அவனையே எடுத்துக்கச் சொல்லுங்க."

"அவரு எடுக்க மாட்டேங்கிறாரு, நீங்களும் எடுக்க மாட்டேங்கிறீங்க. நடுவுல நான் என்ன சார் பண்ணட்டும்?"

டீக்குப் பத்து ரூபாய் எண்ணி வைத்துவிட்டு வந்தேன். நாணயம் மூடி மேலேயே.

ஸ்டோரில் 10 எம்.எம். வாஷர் கேட்டு ஒருவன். ஸ்டாக் இல்லை என்றேன். அலமாரியில் அவசரத்துக்கென்று ஒரு பாக்கெட் எப்போதும் வைத்திருப்பேன். அது வேறு விஷயம்.

மார்ச் 13, வெள்ளி

ஷேர் ஆட்டோ. நாற்பது ரூபாய். முதுகு போய்விட்டது. மானம் மிச்சம்.

வித்யா சென்னையிலிருந்து போன். கமலா எல்லாவற்றையும் ஒப்பித்துவிட்டாள் போல.

"சித்தி பேரு ஏன்ப்பா இல்ல?"

"எந்தச் சித்தி?"

"சரிப்பா. சித்தி பேரு இல்லாத பத்திரிகையை என் ஃப்ரெண்ட்ஸ் யாருக்கும் நான் குடுக்க மாட்டேன். சித்தப்பாவும் வர மாட்டாரு. மேடையில உங்க பக்கம் யாரு நிப்பாங்கன்னு நீங்களே பாத்துக்கோங்க."

வைத்துவிட்டாள். அப்பாவிடம் பேசுகிற பேச்சா இது. கூடப் பிறந்தவன் என்று எங்கள் பக்கம் இருப்பது சேகர் ஒருவன்தான். வேறு யாரும் இல்லை. அது எனக்கும் தெரியும்.

சரிபார்த்த புரூஃபை அச்சகத்துக்குத் திங்கள் சாயங்காலத்துக்குள் கொடுக்க வேண்டும். செவ்வாய் அச்சு.

மார்ச் 14, சனி

மறுபடி பஸ். ஷேர் ஆட்டோவுக்கு நான் ஜமீன் இல்லை. சேகர் முன்னால், நான் பின்னால். கண்டக்டரிடம் சரியாகப் பதினைந்து ரூபாய் கொடுத்தேன். ஏமாற்றத்தோடு வாங்கிக்கொண்டான்.

இறங்கியதும் டீக்கடையில் சேகர் நின்றான். நானும் நின்றுவிட்டேன். ஏன் என்று தெரியவில்லை. இரண்டு வருஷத்தில் முதல் பேச்சு. நினைவிருக்கிற வரை அப்படியே எழுதுகிறேன்.

"அஞ்சு ரூபாய எடுத்துக்க."

"அன்னைக்கு என்னை இறக்கிவிட்டப்போ உன் கையில சில்லறை இருந்துச்சு. பாத்துக்கிட்டே உக்காந்திருந்த."

"நீ கேக்கல."

"கேட்டாத்தான் குடுப்பியா?"

"கேட்டா குடுத்திருப்பேன். நீ எங்க கேட்ட? ஐநூறு ரூபாய ஆட்டிக்கிட்டு நின்ன." டீ கிளாசை வைத்தான். "அண்ணி சொன்னாங்க, பத்திரிகையில என் பேரு ஒத்தையா இருக்குன்னு. அதையும் எடுத்துடு. உனக்கு இன்னும் இடம் கிடைக்கும்."

"வரி நிறைஞ்சு போச்சுடா, இடமில்ல..."

"அன்னைக்கும் அதையேதான் சொன்ன."

மாஸ்டர் பால் ஆற்றுவதை நிறுத்திவிட்டார். நான்கு பேர் பார்த்தார்கள். சேகர் போய்விட்டான்.

அன்றைக்கு என்றால், கல்யாணமான மூன்றாம் நாள், அவளைக் கூட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தான். அவள் கையில் லட்டு டப்பா. நான் கதவைப் பாதி திறந்து, வீட்டில் ஆட்கள் வந்திருக்கிறார்கள், இடமில்லை, இன்னொரு நாள் பார்க்கலாம் என்றேன். எனக்குப் பின்னால் கூடத்தில் ஒரு ஈ காக்கை இல்லை. ஃபேன் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. இருவருக்கும் அது தெரிந்தது. அவள், "பரவாயில்லைங்க, இன்னொரு நாள் வர்றோம்" என்று சொல்லி டப்பாவை வாசல்படியில் வைத்துவிட்டுப் போனாள். அதைப் பிறகு கமலா எடுத்தாள். நான் தின்னவில்லை.

இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. கமலா அப்போது மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள்.

மார்ச் 15, ஞாயிறு

வெயில். முதுகுவலி. கமலா தட்டை மட்டும் வைத்துவிட்டுப் போனாள். மத்தியானம் புரூஃபை எடுத்து வைத்துக்கொண்டு பார்த்தேன். அந்த வரியில் 'ஸ்டோர் இன்சார்ஜ்' என்பது எவ்வளவு நீளம்.

மார்ச் 16, திங்கள்

காலை மூன்று பத்து ரூபாய். தாள்கள். கமலாவின் பருப்பு டப்பாவிலிருந்து, சொல்லிவிட்டுத்தான் எடுத்தேன்.

7.25. சேகர் அதே மூன்றாவது சீட். பக்கத்தில் இடம் இருந்தது. உட்காரவில்லை, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கண்டக்டர் வந்தான்.

"ரெண்டு அரியமங்கலம்," என்றேன். முப்பது ரூபாயை நீட்டினேன்.

கண்டக்டர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். "இப்படிக் குடுங்க சார் தினமும். எனக்குச் சில்லறைத் தொல்லையே இல்ல." மெஷினில் அடித்துவிட்டான்.

"எனக்கு நான் எடுத்தாச்சு," என்றான் சேகர். திரும்பாமல். அவன் டிக்கெட் வாட்ச் பட்டையில் செருகியிருந்தது.

"அப்போ ஒண்ணைத் திரும்ப எடுத்துக்குங்க," என்றேன் கண்டக்டரிடம்.

"அடிச்ச டிக்கெட்ட எப்படி சார் எடுக்கிறது? சும்மா இருக்கிறவருக்கும் சேத்து எடுப்பீங்க, அப்புறம் என் உசுரை வாங்குவீங்க."

பாலம் முழுக்க அவன் புலம்பல். இரண்டு பெண்கள் சிரித்தார்கள். காதெல்லாம் சூடு. எனக்கு வேண்டும். நன்றாக வேண்டும். சேகர் கடைசிவரை திரும்பவில்லை.

டீக்கடையில் பாட்டில் மூடி மேல் நாணயம் அப்படியே. எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். மாஸ்டர் "அப்பாடா" என்றார். எடைமேடை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த சேகர் உள்ளே போனான். அவ்வளவுதான்.

சாயங்காலம் அச்சகம். முதலாளி கடையைச் சாத்துகிற அவசரத்தில் இருந்தார்.

"சேகர்ங்கிற பேருக்குப் பக்கத்துல ஒரு பேரு சேக்கணும்."

"இப்ப வந்து சொல்றீங்களே. என்ன பேரு?"

"ஆரோக்கியமேரி."

"எப்படி எழுதணும், சேத்தா, பிரிச்சா?"

தெரியவில்லை. கமலாவுக்குப் போன் செய்து கேட்டேன். எதற்கு என்று இரண்டு தரம் கேட்டாள். பிறகு, "சேத்துத்தான்" என்றாள்.

அச்சகக்காரர் கம்ப்யூட்டரில் இழுத்துப் பார்த்தார், சுருக்கிப் பார்த்தார். "நீளமான பேரு சார். இந்த வரில இடமே இல்ல."

"இருக்கு. என் பேருக்குப் பின்னால பி.காம்.ல ஆரம்பிச்சு இன்சார்ஜ் வரைக்கும் எடுத்துடுங்க."