தேவி அம்மாவின் பாரம்

ஜூலை 8, செவ்வாய்

பள்ளியில் கொடுக்கும் இலவச உணவுக்கான மலாய் விண்ணப்பப் பாரத்தை என் தோழி தேவியின் அம்மாவுக்குப் போன வாரம் நான்தான் நிரப்பிக் கொடுத்தேன். அவருக்கு மலாய் படிக்கத் தெரியாது.

"தேவி அப்பா லோரி ஓட்டுறாருன்னே எழுதும்மா" என்றார்.

தேவியின் அப்பா குனோங் ராபாட்டில் வேறு குடும்பத்தோடு இருப்பது எனக்குத் தெரியும். உண்மையை எழுதினால்தான் உதவி கிடைக்கும் என்று நினைத்து, "எங்களுடன் இல்லை" என்று எழுதிவிட்டேன். ஆன்ட்டி என்னை நம்பிக் கையெழுத்துப் போட்டார்.

இன்று நானும் ஆன்ட்டியும் பள்ளி அலுவலகத்தில் நிற்கும்போது, மற்ற பெற்றோர் முன்னாலேயே டீச்சர், "வீட்டுக்காரர் எப்பம்மா போனாரு?" என்று கேட்டார். ஆன்ட்டி என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"சாப்பாடு வேணாம் டீச்சர். நாங்க பாத்துக்குறோம்" என்று பாரத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

தேவி வாசலில் நின்று கேட்டாள்: "மலாய்தான் ஒனக்கு நல்லா வருமேலா. அம்மா சொன்னத மட்டும் எழுத வராதா?"

நாளை ஓய்வு நேரத்தில் அவள் என்ன சாப்பிடுவாள்? நான் கொடுத்தால் வாங்கமாட்டாள்.