இரண்டு சைஸ் சின்ன உடுப்பு

நேமம், திருவனந்தபுரம்
வெள்ளிக்கிழமை

மஸ்கட்டில் இருக்கும் ஜெபிஷா அப்பாவுக்கு, ஷிபா அன்போடு எழுதுவது.

கர்த்தருடைய கிருபையால் இங்கே எல்லோருக்கும் சுகம் என்று எழுத ஆசைதான். எழுதினால் பொய்யாகிவிடும். உங்கள் முதுகுவலி எப்படி இருக்கிறது? இத்துடன் ஒரு குப்பி தைலம் வைத்திருக்கிறேன். குளித்துவிட்டுப் போடுங்கள்.

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பீர்கள். நான் உடுப்புப் பேச்சை எடுத்தாலே நீங்கள் கட் பண்ணிவிடுகிறீர்கள். மெசேஜ் அனுப்பினால் கட்டைவிரல் படம் மட்டும் வருகிறது. உங்கள் லேபர் கேம்பில் இருக்கும் ஷாஜி லீவு முடிந்து நாளை விமானம் ஏறுகிறான். இதை உங்கள் கையில்தான் கொடுக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். தயவுசெய்து கடைசிவரை வாசியுங்கள்.

மாநில நீச்சல் போட்டியில் மகள் இரண்டாவதாக வந்தாள், தேசியப் போட்டிக்குத் தேர்வானாள் என்றதும் நீங்கள் கேம்பில் எல்லோருக்கும் மிட்டாய் கொடுத்தீர்களாம். அன்று நடந்த மீதியை அப்பாவிடம் சொல்லக் கூடாது என்று அவள் என் வாயை அடைத்துவிட்டாள். இனி என்னால் அடக்க முடியாது.

நீங்கள் அனுப்பிய அந்த உடுப்பை மாட்டவே அரை மணி நேரத்துக்கு மேல் ஆனது. நானும் இன்னொரு பிள்ளையின் அம்மாவும் கால்முட்டிலிருந்து இம்மி இம்மியாக ஏற்றினோம். நகம் பட்டால் கிழியுமே என்று விரல்நுனியால் இழுத்து இழுத்து எனக்குத் தோல் உரிந்துவிட்டது. கோச் மகேஷ்குமார் சார் அப்போதே சொன்னார்: “சேச்சி, இது டைட்டாத்தான் இருக்கணும். உடம்பை நேரே பிடிச்சு வைக்கும், தண்ணி ஒட்டாது. பக்ஷே பிள்ளைக்கு முழுசா மூச்சு எடுக்க முடியணும். இது அவளுக்க சைஸ் இல்ல.”

சைஸ் தெரியாமல் நீங்கள் வாங்கவில்லை. இறுக்கம் கூடினால் வேகமும் கூடும் என்று எங்கோ வாசித்துவிட்டு, தெரிந்தே இரண்டு சைஸ் குறைத்து வாங்கினீர்கள்.

பட்டர்ஃப்ளையில் குளத்தின் நான்கு நீளத்தில் முதல் இரண்டிலும் அவள் போன போக்கைப் பார்த்து, நம் பிள்ளைதானா இது என்று நின்றேன். உடுப்பு உதவவில்லை என்று சொல்ல மாட்டேன். எப்போதும் தாழ்ந்து கிடக்கும் அவள் இடுப்பு அன்று தண்ணீருக்கு மேலேயே நின்றது. மூன்றாவது நீளத்தில் கை எழும்பவில்லை. தலை மேலே வரும்போதெல்லாம் வாய் திறந்தது, ஆனால் காற்று உள்ளே போகவில்லை. முதலில் போன வேகத்தை வைத்துத்தான் இரண்டாவதாகச் சுவரைத் தொட்டாள். பிறகு அவளால் ஏறிவர முடியவில்லை. இரண்டு பேர் இறங்கித் தூக்கினார்கள். உதடெல்லாம் நீலம். சின்ன வயதில் மூச்சிழுப்பு வந்து ஆஸ்பத்திரிக்கு ஓடிய நாட்களில்கூட அவளை அப்படி நான் பார்த்ததில்லை.

உடுப்பை வெட்டி எடுக்க சார் கத்தரிக்கோலோடு ஓடிவந்தார். மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்த பிள்ளை அந்தக் கத்தரியைத் தட்டிவிட்டாள், ஜெபிஷா அப்பா. “வெட்டண்டாம் சாரே, அப்பா வாங்கித் தந்தது” என்றாள். வெட்டாமலே உரித்தெடுத்தோம். அத்தனை நேரமும் அவள் நெஞ்சு விம்மி விம்மி அடங்கியதை நான் எப்படி எழுதுவேன்!

விலா எலும்பு விரிய இடமில்லாமல் போயிருக்கிறது, இழுப்பு உள்ள பிள்ளைக்கு இனி இந்த அளவு கூடவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். சார் ஒரு சீனியர் பிள்ளையிடமிருந்து அவளுக்குச் சரியான அளவில் அதே வகை உடுப்பு வாங்கித் தந்தார். இவள் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. “அப்பா சொன்னாரு, அளவு மாறினா அரை செகண்டு போயிரும்னு. அந்த அரை செகண்டுலதான் ரயில்வே வேலை இருக்குன்னு” என்கிறாள். சாதா உடுப்பில் பயிற்சிக்கு இறங்கினால், தண்ணீர் பிடித்து இழுக்கிறது என்று அழுதுகொண்டு ஏறிவருகிறாள். அந்த உடுப்பு இல்லாவிட்டால் தான் ஒன்றுமே இல்லை என்று ஆகிவிட்டது அவளுக்கு. நான் அதை ஒளித்துவைத்துப் பார்த்தேன். சாப்பிடாமல் சுவரைப் பார்த்துக் கிடந்தாள். என் மனசு தாங்கவில்லை, எடுத்துக் கொடுத்துவிட்டேன்.

நீங்கள் கெட்ட மனுஷன் இல்லை. நீங்கள் படுகிற வெயில் அவள் படக்கூடாது, விளையாட்டுக் கோட்டாவில் இங்கேயே ஒரு ரயில்வே வேலை அமைய வேண்டும் என்றுதான் இவ்வளவும் செய்தீர்கள். எனக்குத் தெரியும். அவளுக்குத்தான் தெரியவில்லை.

இன்று மதியம் தம்பானூர் ஸ்டேஷனில் டீமோடு ரயில் ஏறிவிட்டாள். துணிக்கடையில் எனக்கு லீவு தரவில்லை. வழியனுப்ப மட்டும் ஓடிப்போய் வந்தேன். இரண்டு உடுப்பும் அவள் பையில் இருக்கின்றன. எதைப் போடுவாள் என்பது உங்கள் வாயில் இருக்கிறது. வியாழக்கிழமை காலையில் போட்டி. அதற்குள் ஒரே ஒரு முறை கூப்பிட்டு, “சரியான அளவைப் போடு மோளே, முடியாட்டா ஏறிவந்திரு” என்று சொல்லுங்கள். நான் நூறு தடவை சொல்லிவிட்டேன். அவள் காதில் விழுவது உங்கள் குரல் மட்டும்தான்.

உங்கள்
ஷிபா


நேமம்
திங்கட்கிழமை

ஜெபிஷா அப்பாவுக்கு,

கடிதத்தை வாசித்தீர்கள், மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டீர்கள் என்று ஷாஜி போனில் சொன்னான். வாசித்த பிறகும் ஏன் கூப்பிடவில்லை என்று சண்டை போட இதை எழுதவில்லை. உங்களுக்கும் என்ன பேசுவதென்று தெரியாமல் இருந்திருக்கும். பக்கத்து வீட்டுச் சரசம்மா அக்காவின் மருமகன் நாளை அங்கே வருகிறான். அவனிடம் இதைக் கொடுக்கிறேன்.

வியாழக்கிழமை காலையில் வெகுநேரம் அவள் போனைக் கையில் வைத்திருந்தாளாம். பெயர் கூப்பிடும் நேரம் நெருங்கியதும் அதை சாரிடம் கொடுத்துவிட்டு, நீங்கள் அனுப்பியதையே போட்டிருக்கிறாள். சார் எவ்வளவோ சொல்லியும் கேட்கவில்லை.

மூன்றாவது நீளம் முடிந்து சுவரைத் தொட்டவள் திரும்பவில்லை. கையைத் தூக்கி, வேண்டாம் என்று காட்டிவிட்டு அங்கேயே நின்றுவிட்டாள். மற்றவர்கள் முடித்துப் போகும்வரை கயிற்றைப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் நின்றாளாம். உடம்புக்கு ஒன்றும் இல்லை. ஆனால் போட்டி அதோடு முடிந்தது.

நேற்று வந்து சேர்ந்தாள். நான் எதுவும் கேட்கவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே அவளாகச் சொன்னாள்: “கண்ணு இருட்டிச்சு அம்மா. நின்னா அப்பா என்ன சொல்லுவாருன்னு நினைச்சேன். பின்னே, மூச்சு வேணும்னு தோணிச்சு.”

அதைக் கேட்டு நான் அடுக்களைக்குப் போய் ஸ்தோத்திரம் சொன்னேன். நம் பிள்ளை தோற்று வந்ததற்காகச் சொன்னேன். உங்களுக்குக் கோபம் வந்தால் வரட்டும்.

ஆனால் எனக்குப் பயம் தீரவில்லை. இன்று காலை துணி மடித்துக்கொண்டிருந்தவள், “இனி அப்பாவுக்கு நான் எதுக்கு?” என்றாள். அழவில்லை, சத்தம்கூட உயரவில்லை. சாதாரணமாகச் சொன்னாள். அதுதான் என்னை உலுக்கிவிட்டது. பழவங்காடியில் கடை திறந்ததிலிருந்து கையில் துணி ஓடுகிறது, மனசு வீட்டில் கிடக்கிறது. நான் திரும்பும்வரை சரசம்மா அக்காவை நம் வீட்டிலேயே இருக்கச் சொல்லியிருக்கிறேன். அவள் அறைக் கதவின் தாழ்ப்பாளைக் கழற்றிவிட்டேன். ஏன் என்று கேட்காதீர்கள்.

உடுப்பு வேண்டாம், மெடல் வேண்டாம், ரயில்வேயும் வேண்டாம். போட்டியைப் பற்றி ஒரு சொல்லும் எடுக்காதீர்கள். அவளைக் கூப்பிட்டு, சாப்பிட்டாயா என்று கேளுங்கள். உங்கள் கேம்பில் இன்று என்ன குழம்பு என்று சொல்லுங்கள். கர்த்தர் உங்கள் வாயில் மெல்லிய வார்த்தைகளைத் தரட்டும். முதல் தடவை அவள் எடுக்கமாட்டாள். மறுபடியும் போன் அடியுங்கள். எடுக்கும்வரை அடியுங்கள்.

உங்கள் வார்த்தைக்குக் காத்திருக்கும்,
ஷிபா