இடப்பக்கத்து மூச்சு

இன்று காலை எழுந்ததும், முகம்கூடக் கழுவாமல், முதலில் உன் ரப்பர் தொப்பியை எடுத்து உதறினேன். ஒட்டிக்கொள்ளாமல் இருக்க நீ உள்ளே தூவி வைத்திருந்த பவுடர் பறந்து என் நைட்டியெல்லாம் வெள்ளையானது. எட்டு மாதம் ஆகியும் அதே மல்லிகை வாசனை. அதற்கடியில் கொஞ்சம் குளோரின். நீ போன பதினாறாம் நாள் உன் வீட்டுக்காரர் இதை ஒரு பையில் போட்டுக் கொடுத்தார். "இது ஒங்க ரெண்டு பேரு சமாச்சாரம். நான் வச்சு என்ன செய்ய?" என்றார்.

இலங்கை, நேபாளம், வங்கதேசம் என்று பக்கத்து நாடுகளோடு நாமும் சேர்ந்து ஆண்டுதோறும் நடத்தும் நீச்சல் போட்டி இந்த முறை மறுபடி கொழும்பில். நாற்பது வயது தாண்டிய பெண்களுக்கு ஐம்பது மீட்டர். பெயர் கொடுக்க இன்றுதான் கடைசி நாள். "காலேஜுல படிக்கிறப்ப நீ மட்டும் போன. இப்ப ரெண்டு பேரும் போறோம்" என்று என்னை மறுபடி தண்ணீரில் இறக்கியவள் நீ. மூன்று நாள் காய்ச்சலில் நீ போய்ச் சேர்ந்தாய்.

குச்சனூர் போகும் வழியில் இருந்த உங்கள் திராட்சைத் தோட்டத்துக் கிணறு நினைவுக்கு வருகிறது. பஸ்ஸையே நிறுத்தி வைக்கலாம் போல அகலம். நமக்குப் பன்னிரண்டு வயது. உன் அம்மா பந்தல் நிழலில் காவல் உட்கார்ந்திருப்பார்.

"ஏலே, எடமாச் சுத்தாதீக. கோயில்ல எப்படிச் சுத்துவீக? அப்படிச் சுத்துங்க."

"கெணத்துக்குள்ள எந்தச் சாமிம்மா இருக்கு?" என்பாய் நீ, தண்ணீரைத் துப்பிக்கொண்டே.

"மோட்டாரு இருக்குல்ல. அதக் கும்புட்டுக்க."

அதனால் வலமாகவே சுற்றினோம். ஒரு நாளைக்கு இருபது சுற்று. நீ சுவரோரம், நான் உள்பக்கம். நீ வலப்பக்கம் திரும்பி மூச்செடுப்பாய், நான் இடப்பக்கம். திரும்பும்போதெல்லாம் உன் முகம்: கன்னம் உப்பி, ஒரு கண் மூடி. சில சமயம் வேண்டுமென்றே நாக்கைத் துருத்துவாய். சிரித்துச் சிரித்து அந்தக் கிணற்றுத் தண்ணீரை எவ்வளவு குடித்திருப்பேன்.

கல்லூரிக்குப் போனபிறகுதான் முதன்முதலாக நீச்சல் குளத்தைப் பார்த்தோம். நீளமாக, நடுவில் கயிறு கட்டித் தடம் பிரித்து. நீ பாதி தூரம் போவதற்குள் வலப்பக்கக் கயிற்றில் இடித்தாய். "கயிறு ஏண்டி குறுக்க வருது?" என்று கேட்டாய். கயிறு வரவில்லை. வருஷக்கணக்காக வலமாகவே சுற்றி, உன் உடம்பு வளைந்து போகப் பழகியிருந்தது. நான் உனக்கு வலப்பக்கத் தடத்தில் வந்தால் மட்டும் என்னைப் பார்த்து நேராகப் போவாய். "நீ பக்கத்துல இரு. எனக்கு அது போதும்" என்பாய்.

அந்த வருஷத்துப் போட்டிக்குச் சென்னையில் தேர்வு நடந்த அன்றும் நான் உன் வலப்பக்கத் தடத்தில்தான் இருந்தேன். கொழும்புக்குப் போக நம் பிரிவில் இருந்தது ஒரே இடம். கடைசிப் பதினைந்து மீட்டரில் நான் வேகம் கூட்டினேன். என் முகம் தெரியாவிட்டால் உனக்கு என்ன ஆகும் என்று தெரிந்தேதான் கூட்டினேன். நீ கயிற்றில் இடித்தாய். நான் தேர்வானேன். திரும்பி வரும் ரயிலில் அழுதவளும் நான்தான்.

"நீ நின்னு கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போக நான் என்ன ஒன்னாப்புப் பிள்ளையா? கண்ணத் தொட" என்றாய்.

தேனி பஸ் நிலையத்தில் என்னை வழியனுப்ப ஒரு பை நிறையப் பன்னீர் திராட்சையோடு வந்தாய். மதுரை போவதற்குள் பாதி நசுங்கி, என் துண்டெல்லாம் ஊதாக் கறை.

உன்னிடம் கடைசிவரை சொல்லாத ஒன்று இருக்கிறது. நான் உன்னிடம் சொன்னதுபோல் கொழும்பில் எனக்குக் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளவில்லை. மூச்சுக்கு இடப்பக்கம் திரும்பினேன். முதல் இரண்டு தடவை ஒரு நேபாளப் பெண்ணின் முகம் தெரிந்தது. அப்புறம் அவளும் முன்னால் போய்விட்டாள். வெறும் தண்ணீர். என் வலத்தோள் கயிற்றில் இடித்தது. நேராக்கிக்கொண்டு போனால் மறுபடி இடித்தது. கடைசியாக வந்தேன். அதே கிணற்றில் சுற்றியவள்தானே நானும். அந்தக் கோணல் எனக்கும் இருந்திருக்கிறது. நீ எப்போதும் இடப்பக்கம் இருந்ததால் எனக்கு அது தெரியவே இல்லை.

உன்னை முந்திக்கொண்டு போனவள், நீ இல்லாமல் எனக்கு நேராகப் போகத் தெரியவில்லை என்று எப்படிச் சொல்வேன்? காலைப் பிடித்துக்கொண்டது என்றேன். நீ நம்பினாய். இரண்டு நாள் என் காலை மடியில் வைத்துத் தைலம் தேய்த்துவிட்டாய். வலிக்காத காலை நொண்டி நொண்டி வைத்து நடந்தேன்.

போன வாரம் தேனிக் குளத்தில் பயிற்சி கொடுக்கும் பெண் சொன்னாள்: "அக்கா, வலப்பக்கமே இழுத்துட்டுப் போறீக. மூச்ச அந்தப் பக்கம் மாத்துங்க, கயிறு கண்ணுல படும். மூணு வாரத்துல பழகிரும்." இரண்டு நாள் மாற்றிப் பார்த்தேன். நேராகத்தான் போனேன். நேரமும் குறைந்தது. ஆனால் திரும்பும்போதெல்லாம் கயிறும் குளத்துச் சுவரின் நீல ஓடும்தான். நீ இருந்த பக்கத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு போவது போல இருந்தது.

நேற்று என் வீட்டுக்காரர், "ஒத்தையில எதுக்குப் போற? இந்த வருசம் விட்டுரு" என்றார். அவருக்கு என்மேல் இரக்கம். நானும் தலையாட்டினேன்.

உன் தொப்பிக்குள் மறுபடி பவுடர் தூவி, இப்போதுதான் என் நீச்சல் பைக்குள் வைத்தேன். அடுப்பில் பால் பொங்குகிற சத்தம் கேட்கிறது. நான் கொழும்புக்குப் போகிறேன். இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. மூச்சையும் மாற்றப் போவதில்லை. இடப்பக்கமே திரும்புவேன். கயிறு இடித்தால் இடிக்கட்டும். கடைசியாக வந்தாலும், யார் கேட்டாலும், இந்த முறை கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது என்று சொல்ல மாட்டேன்.